அறிவிப்புக்கும் அத்துமீறலுக்கும் நடுவே

1978ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, அமெரிக்காவின் மேற்குக் கரையில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பைப் பயன்படுத்திவந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மின்மடல் போனது. அனுப்பியவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க். டெக்சிஸ்டம்-20 வரிசையில் புதிய கணினிகள் வந்திருக்கின்றன, அவற்றின் இயங்குதளத்திலேயே ஆர்ப்பாநெட் இணைப்பு வசதி இருக்கிறது, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலும் சான் மடேயோவிலும் செய்முறை விளக்கம் நடக்கிறது, வந்து பாருங்கள் என்பதுதான் செய்தி. பெறுநர்களின் முகவரிகளை அச்சிட்ட பயனர் பட்டியலைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்திருந்தார்கள். அன்றைய மடல் மென்பொருளால் அத்தனை முகவரிகளைத் தாங்க முடியவில்லை. முகவரிப் பகுதியில் அடங்காதவை வழிந்து மடலின் உள்ளே வந்து விழுந்தன. செய்தியை எட்டுவதற்கு முன்னால் படிப்பவர் ஒரு நெடும்பட்டியலைக் கடக்க வேண்டியிருந்தது.

வலையமைப்பை மேற்பார்வையிட்ட பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவர் இதை அப்பட்டமான விதிமீறல் என்று கண்டித்தார். ஆர்ப்பாநெட் அரசுப் பணிக்கு மட்டுமே உரியது என்பது அப்போதைய விதி. பயனர்களிடையே நடந்த விவாதம் இதைவிட ஆழமாகப் போனது. புதிய கணினி வந்திருப்பதைக் கணினி ஆய்வாளர்களுக்குச் சொல்வது அவர்களுக்கு நன்மைதானே என்று சிலர் கேட்டார்கள். எம்ஐடியில் இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன்கூட முதலில் இதில் பெரிய தவறைக் காணவில்லை. பிறகு யாரோ மடலின் பிரதியை அவருக்கு அனுப்பிவைக்க, அதைப் பார்த்ததும் தன் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எதைப் பற்றிய மடலாக இருந்தாலும் அவ்வளவு நீளமான முகவரிப் பட்டியலோடு அதை அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை என்றார்.

உலகின் முதல் ஸ்பேம் மடல் என்று இன்று குறிப்பிடப்படுவது இதுதான். அது கணினித் துறைக்குள்ளிருந்தே, கணினித் துறையினருக்கே, ஒரு கணினிப் பொருளை விற்க அனுப்பப்பட்டது என்பதை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. துர்க் தன் பக்கம் சொன்ன நியாயத்தை இன்றும் மென்பொருள் விற்க வருபவர்கள் அப்படியே சொல்கிறார்கள்: இது இவர்களுக்குத் தேவையான செய்தி, தெரிந்தால் மகிழ்வார்கள். அவர் சொன்னது பொய்யில்லை. ஆர்ப்பாநெட்டில் இருந்தவர்களுக்கு ஆர்ப்பாநெட்டோடு இணையும் கணினி தேவைதான். அந்த மடலால் நிறுவனத்துக்குக் கோடிக்கணக்கான டாலர் விற்பனை கிடைத்தது என்றும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆக, செய்தி பொருத்தமானது, வாங்கவும் ஆள் இருந்தது, இருந்தும் அது அத்துமீறலாக நின்றுவிட்டது. பொருத்தம் இருந்தால் போதும் என்ற எண்ணம் அந்த முதல் நாளிலேயே உடைந்துவிட்டது.

அப்படியானால் கோடு எங்கே விழுகிறது? எண்ணிக்கையில் என்பார்கள் சிலர், பணத்தில் என்பார்கள் வேறு சிலர். கடந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் குழுமங்களுக்குள் வெற்றிகரமாக நுழைந்த மென்பொருள்களையும் அடித்துத் துரத்தப்பட்டவற்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இரண்டுமே அரைகுறை விளக்கங்களாகத் தெரிகின்றன. தன் பொருளைப் பற்றிப் பேச வந்தவர், அங்கே எழும் பேச்சுக்குக் கட்டுப்படத் தயாராக வந்தாரா என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கிறது என்பது என் துணிபு. பிறருடைய கவனத்தை எடுத்துக்கொள்பவர் அதற்கு ஈடாகத் தன் நேரத்தை, பெயரை, சில வேளைகளில் தன் திட்டத்தின் போக்கையே அவர்களிடம் ஒப்படைக்கிறார். ஸ்பேம் அனுப்புபவர் இதில் எதையும் கொடுப்பதில்லை.

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தை எடுத்துக்கொள்வோம். யூஸ்நெட் என்ற செய்திக்குழு வலையமைப்பில் அந்த ஒரே மாதத்தில் இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஆகஸ்ட் 6 அன்று ஆல்ட்.ஹைப்பர்டெக்ஸ்ட் குழுவில் டிம் பெர்னர்ஸ்-லீ தன் வேர்ல்ட் வைட் வெப் திட்டத்தைப் பற்றி எழுதினார். பலரும் கவனிக்கத் தவறும் செய்தி, அது ஒரு கேள்விக்கான பதிலாக எழுதப்பட்டது என்பது. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வடிவில் கிடக்கும் தகவல்களை மீயுரைச் சுட்டிகளால் எடுக்க ஏதாவது முயற்சி நடக்கிறதா என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். பெர்னர்ஸ்-லீ தாங்கள் செய்துகொண்டிருப்பதைச் சுருக்கமாக விளக்கி, சேர்ந்து உழைக்க வருபவர்களை வரவேற்பதாக முடித்திருந்தார். இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் வலை, யாரோ ஒருவரின் தேடலுக்கு மறுமொழியாகப் பொதுவெளிக்கு வந்தது.

அடுத்தது ஆகஸ்ட் 25. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் இயங்குதளப் பயனர்களின் குழுவில், பொழுதுபோக்காக இலவச இயங்குதளம் ஒன்றை எழுதிவருவதாகச் சொன்னார். மினிக்ஸில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை, எந்த வசதிகளை எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாவற்றையும் செய்து தருவதாக வாக்களிக்கவில்லை. தன் நிரல் என்னவெல்லாம் செய்யாது என்பதையும் அதே மடலில் எழுதியிருந்தார். அந்தக் குழுவுக்கு அவர் புதியவரும் இல்லை. ஜூலை தொடக்கத்திலேயே, இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை எங்கே கிடைக்கும் என்று அங்கே கேட்டிருந்தார். ஒரு வேலை நடக்கிறது என்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் அந்தக் கேள்வியிலிருந்தே ஊகித்திருக்கலாம். ஆகஸ்டில் அவர் எழுதியபோது படித்தவர்களுக்கு அது நம்மோடு இருக்கும் ஒருவரின் மடல்.

இதன் தொடர்ச்சியையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல தொடக்கம் எல்லாவற்றையும் மன்னித்துவிடாது. சில மாதங்களில், லினக்ஸ் என்று பெயர் பெற்ற அந்த இயங்குதளத்தைப் பற்றிய பேச்சு மினிக்ஸ் குழுவை நிறைக்கத் தொடங்கியது. மினிக்ஸுக்காக வந்தவர்கள் எரிச்சலடைந்தார்கள். 1992 ஜனவரி இறுதியில் மினிக்ஸை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், லினக்ஸின் வடிவமைப்பே காலாவதியானது என்று எழுத, புகழ்பெற்ற வாக்குவாதம் மூண்டது. டோர்வால்ட்ஸ் கடுமையாகப் பதில் சொன்னார், பிறகு தன் தொனிக்காக வருத்தமும் தெரிவித்தார். அந்த ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே லினக்ஸுக்கெனத் தனிச் செய்திக்குழுக்கள் பிறந்துவிட்டன. விருந்தாளியாக வந்த பொருள் வளர்ந்ததும் தனக்கென்று வீடு பார்த்துக்கொண்டு போனது. விளம்பரம் செய்ய வருபவர்கள் இந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை.

யூஸ்நெட்டில் விற்பனைக்கு இடமே இல்லை என்று நினைப்பதும் தவறு. புதிய பொருள்களை அறிவிப்பதற்கென்றே மட்டுறுத்தப்பட்ட காம்ப்.நியூபிராட் என்ற குழு இருந்தது. வணிகச் செய்திகளுக்காக பிஸ் என்ற தனி அடுக்கு இருந்தது. யார் விரும்பினார்களோ அவர்கள் அங்கே போய்ப் படித்தார்கள். பொருளை விற்பவர்மேல் அந்தச் சமூகத்துக்கு வெறுப்பு இருக்கவில்லை. கேட்காதவர் வீட்டு முற்றத்தில் வந்து கூவுவதைத்தான் அது ஏற்கவில்லை.

அந்த ஏற்பாட்டைத் தகர்த்தது 1994 ஏப்ரல் 12. அரிசோனாவைச் சேர்ந்த இரண்டு வழக்கறிஞர்கள் அமெரிக்க கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாக ஆயிரக்கணக்கான செய்திக்குழுக்களில் விளம்பரம் போட்டார்கள். இது மென்பொருள் விளம்பரம் இல்லைதான். ஆனால் இன்று மென்பொருள் விளம்பரத்துக்கு நாம் வகுத்திருக்கும் விதிகள் பலவும் அன்றைய அடியிலிருந்து முளைத்தவை என்பதால் இதன் நுட்பத்தைப் பார்க்க வேண்டும். யூஸ்நெட்டில் ஒரே செய்தியைப் பல குழுக்களுக்குச் சேர்த்து அனுப்பும் வசதி உண்டு. அப்படி அனுப்பினால் வழங்கியில் ஒரே பிரதிதான் இருக்கும். ஒரு குழுவில் படித்துவிட்டால் அடுத்த குழுவில் அது மறுபடி எதிரே வராது. அந்த விளம்பரமோ ஒரு நிரலின் உதவியால் ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாகப் போடப்பட்டது. பத்துக் குழுக்களைப் படிப்பவர் பத்து முறை அதைக் கடந்தாக வேண்டும். கொதித்துப்போன வாசகர்கள் அனுப்பிய புகார் மடல்களின் கனத்தில் அவர்களுக்கு இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் வழங்கி திரும்பத் திரும்ப விழுந்தது. விளம்பரம் செய்தவர்கள் கொஞ்சமும் வருந்தவில்லை. இணையத்தில் பணம் சம்பாதிப்பது எப்படி என்று பிறகு புத்தகமே எழுதினார்கள்.

சமூகம் தற்காப்புக்கு ஒரு கணக்கு வகுத்தது. சேத் பிரைட்பார்ட் என்பவர் பெயரால் அழைக்கப்படும் குறியீட்டெண் அது. ஒரு செய்தியின் ஒவ்வொரு பிரதியும் எத்தனை குழுக்களுக்குச் சேர்த்து அனுப்பப்பட்டதோ அந்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து, எல்லாப் பிரதிகளுக்கும் கூட்ட வேண்டும். ஒரே பிரதியை ஒன்பது குழுக்களுக்குச் சேர்த்து அனுப்பினால் 3. ஒன்பது தனிப் பிரதிகளாகப் போட்டால் 9. நாற்பத்தைந்து நாள்களுக்குள் இந்த எண் 20ஐ எட்டினால் அந்தச் செய்தியை யார் வேண்டுமானாலும் நீக்கலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வழக்கம். இந்தக் கணக்கில் ஓர் அழகிய நேர்மை இருக்கிறது. செய்தியில் என்ன இருக்கிறது என்று அது பார்க்கவே இல்லை. கடவுளைப் பற்றியதானாலும் கணினியைப் பற்றியதானாலும், பிறர் கவனத்தை எவ்வளவு தின்றது என்பது மட்டுமே கேள்வி.

ஆனால் எண்ணால் அமையும் எந்த விதிக்கும் ஒரு பலவீனம் உண்டு: அதற்குச் சற்றுக் கீழே நின்றுகொள்ளலாம். ரெட்டிட் தளம் நெடுங்காலம் ஒரு வழிகாட்டுதலை வைத்திருந்தது. உங்கள் பதிவுகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உங்கள் சொந்தப் பொருளைப் பற்றியதாக இருக்கக் கூடாது. எளிமையான, புரிந்துகொள்ளத்தக்க விதி. விளைவு என்ன? ஒரு சுட்டியைப் போடுவதற்காக ஒன்பது வெற்றுக் கருத்துகளை எழுதிக் கணக்கை நேர் செய்யும் பழக்கம் வந்தது. பூனைப் படத்துக்கு ஒரு பாராட்டு, செய்தி ஒன்றுக்கு ஒரு வரி ஆமோதிப்பு, பிறகு தன் செயலி. முன்பு ஒரு விளம்பரம் மட்டும் வந்த இடத்தில் இப்போது ஒரு விளம்பரமும் ஒன்பது பொய்யான உரையாடல்களும் வந்தன. அதே வழிகாட்டுதலில் எண்ணைவிட மேலான ஒரு கருத்தும் இருந்தது. சொந்தமாகத் தளம் வைத்திருக்கும் ஒருவர் ரெட்டிட்டில் உறுப்பினராக இருப்பதில் தவறில்லை, ஒரு தளமே ரெட்டிட்டில் கணக்கு வைத்துக்கொண்டு மனிதரைப்போல உலவுவதுதான் தவறு என்ற பொருளில் அது சொன்னது. நம் கல்யாண வீடுகளில் எல்ஐசி முகவராக இருக்கும் மாமா வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசும்போது பாலிசி பற்றிப் பேச்சு வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பாலிசி விற்பதற்காகவே யாருடைய கல்யாணம் என்று தெரியாமல் பந்தியில் உட்கார்ந்தவரை அடையாளம் காணவும் யாருக்கும் நேரம் ஆவதில்லை.

கோப்புகளை இணையத்தில் சேமித்துவைக்கும் டிராப்பாக்ஸின் கதையை இந்த வெளிச்சத்தில் சற்று விரிவாகப் பார்க்கலாம். 2007 ஏப்ரலில் அதை உருவாக்கிய ட்ரூ ஹூஸ்டன், ஒய் காம்பினேட்டர் நிறுவனம் அப்போதுதான் தொடங்கியிருந்த ஹேக்கர் நியூஸ் தளத்தில், பென் டிரைவைத் தூக்கி எறியுங்கள் என்ற தோரணையில் தலைப்பிட்டு ஒரு செய்முறைக் காணொளியைப் பகிர்ந்தார். அதற்கு வந்த ஒரு பின்னூட்டம் தொழில்நுட்ப உலகில் பழங்கதையாகிவிட்டது. ஒரு எஃப்டிபி கணக்கும் லினக்ஸில் கிடைக்கும் இரண்டொரு கருவிகளும் இருந்தால் இதை நாமே எளிதில் செய்துகொள்ளலாமே என்று ஒருவர் எழுதினார். இணையம் இல்லாத இடத்தில் பென் டிரைவுக்கு இது மாற்றாகாது என்பது அவருடைய அடுத்த ஐயம். இதிலிருந்து வருமானம் வருமா என்பது மூன்றாவது. எதிர்காலத்தைக் காணத் தெரியாத நிபுணருக்கு எடுத்துக்காட்டாக அந்தப் பின்னூட்டத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சுட்டி நகைக்கிறார்கள்.

இது அநியாயம் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் உரையாடல் அங்கே முடியவில்லை. ஹூஸ்டன் அந்த ஐயங்களுக்குப் பொறுமையாகப் பதில் எழுதினார். கேட்டவர் அந்தப் பதிலை ஏற்று, விண்டோஸ் பயன்படுத்துபவர்களுக்கு எளிதாக நிறுவக்கூடிய ஒன்றாக இது பயன்படும் என்று ஒப்புக்கொண்டு வாழ்த்தினார். ஒரு பொருளை உருவாக்கியவருக்கு அதன் மிகக் கூர்மையான மூன்று கேள்விகள், ஒரு பைசா செலவில்லாமல், முதல் நாளிலேயே கிடைத்தன. குழுமத்துக்கு வருவதால் கிடைக்கும் உண்மையான ஆதாயம் இதுவே. அடுத்த நாள் எத்தனை பேர் தரவிறக்கினார்கள் என்பது அதற்குப் பிறகுதான். பின்னாளில் ஹேக்கர் நியூஸ், சொந்தப் படைப்புகளைக் காட்டுவதற்கென்று வகுத்துக்கொண்ட விதிகள் இந்த அனுபவத்தின் நீட்சியாகவே எனக்குத் தோன்றுகின்றன. காட்டுவது பயன்படுத்திப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், வெறுமனே மின்னஞ்சல் முகவரி வாங்கும் பக்கமாக இருக்கக் கூடாது. படைத்தவரே அங்கிருந்து பதில் சொல்ல வேண்டும். நண்பர்களைக் கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொல்லக் கூடாது.

2008 மார்ச்சில் ஹூஸ்டன் இன்னொரு காணொளியை டிக் என்ற செய்திப் பகிர்வுத் தளத்துக்கென்றே செய்தார். அந்தத் தளத்தார் தங்களுக்குள் பேசிச் சிரிக்கும் குறிப்புகளை, திரையில் தெரியும் கோப்புகளின் பெயர்களிலும் உள்ளடக்கத்திலும் ஒளித்துவைத்திருந்தார். ஒரே இரவில் காத்திருப்போர் பட்டியல் 5,000 பேரிலிருந்து 75,000 பேராக உயர்ந்தது. பொருள் அப்போது பொதுப் பயன்பாட்டுக்கு வந்திருக்கவில்லை. இதே நிறுவனம் பிறகு கூகுள் விளம்பரங்களில் பணம் போட்டபோது, ஆண்டுக்கு 99 டாலர் கட்டும் ஒரு வாடிக்கையாளரைப் பெற 233 முதல் 388 டாலர்வரை செலவானது என்று ஹூஸ்டனே பின்னர் தன் உரையில் காட்டினார். இந்த இரண்டு கணக்குகளையும் பார்த்த சந்தைப்படுத்தல்காரர்கள் குழுமங்களை மலிவான விளம்பரப் பலகையாக எண்ணிப் படையெடுத்தார்கள். அந்தக் காணொளியில் ஒளிந்திருந்த குறிப்புகளைப் புரிந்துகொண்டு எழுத அந்தத் தளத்தில் ஒருவர் எவ்வளவு காலம் வாசகராக இருந்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. மலிவாகத் தெரிந்தது, விலை வேறு நாணயத்தில் கட்டப்பட்டிருந்ததால்தான்.

சென்னையிலிருந்து எழுந்த ஃபிரெஷ்டெஸ்க் என்ற வாடிக்கையாளர் உதவி மென்பொருளின் தொடக்கமும் குழுமங்களோடு பின்னிக் கிடக்கிறது, ஆனால் எதிர்த் திசையில். அதைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் அமெரிக்காவின் ஆஸ்டினிலிருந்து ஊர் திரும்பியபோது கப்பலில் வந்த தொலைக்காட்சிப் பெட்டி உடைந்துவிட்டது. காப்பீட்டுத் தொகைக்காக மாதக்கணக்கில் அலைந்தும் பலனில்லை. இந்தியாவுக்குத் திரும்புவோர் கூடிப் பேசும் ஓர் இணையக் குழுமத்தில் நடந்ததை எழுதினார். உடனே பொருள்களைக் கொண்டுவந்த நிறுவனத்தின் தலைவரே மன்னிப்புக் கேட்க, பணமும் வந்து சேர்ந்தது. வாடிக்கையாளரின் குரலுக்கு எங்கே வலிமை கூடியிருக்கிறது என்பதை அது காட்டியது. அப்போது அவர் ஜோஹோவில் வாடிக்கையாளர் உதவி மென்பொருள்களோடு பழகியவர். 2010இல் அதே வகை மென்பொருளை விற்ற ஜென்டெஸ்க் நிறுவனம் விலையைக் கடுமையாக உயர்த்தியபோது, ஹேக்கர் நியூஸில் பயனர்கள் கொதித்தார்கள். இந்த இடத்தில் சரியான பொருளைக் கொண்டுவருபவருக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று ஒருவர் எழுதிய பின்னூட்டம் அவர் கண்ணில் பட்டது. வேலையை விட்டார், நிறுவனம் தொடங்கினார். 2011இல் அந்தக் கதையை அவரே எழுதி, அதே குழுமத்துக்குக் கொண்டுவந்தபோது அது முன்பக்கத்தில் ஏறியது.

அந்தப் பதிவு விளம்பரமா? விளம்பரம்தான், சந்தேகமே வேண்டாம். இருந்தும் யாரும் அதை ஸ்பேம் என்று தள்ளவில்லை. அந்தக் குழுமம் சொன்ன ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு போய், அதைக் கொண்டு என்ன செய்தேன் பாருங்கள் என்று திரும்பிவந்து காட்டிய ஒருவரை அவர்கள் கண்டார்கள். பேசுவதற்கு முன் ஓராண்டு கேட்டிருந்தார் என்பதை அந்தப் பதிவே சொன்னது. குழுமத்தில் பொருளை எப்படி அறிமுகப்படுத்துவது என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, எழுதும் பெட்டியைத் தொடாமல் தேடும் பெட்டியில் தொடங்குங்கள் என்பதே. உங்கள் பொருள் தீர்க்கவரும் இடரைப் பற்றி அங்கே எவர் எப்போது புலம்பியிருக்கிறார், என்னென்ன முயன்று பார்த்திருக்கிறார், எதை நம்பி ஏமாந்திருக்கிறார் என்பதெல்லாம் பழைய இழைகளில் கிடக்கிறது.

முகத்தை மறைத்துக்கொண்டு வருவதைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. ரிவர்ப் கம்யூனிகேஷன்ஸ் என்ற அமெரிக்க மக்கள் தொடர்பு நிறுவனத்தின் ஊழியர்கள், தங்கள் வாடிக்கையாளர்களின் விளையாட்டுச் செயலிகளுக்குச் சாதாரணப் பயனர்களைப்போல ஐடியூன்ஸில் பாராட்டு எழுதினார்கள் என்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2010இல் அவற்றை நீக்கவைத்தது. இந்தியாவிலும் இணையத்தில் நுகர்வோர் எழுதும் மதிப்புரைகளுக்கென 2022இல் இந்திய தர நிர்ணய அமைவனம் ஒரு தரநிலையை வெளியிட்டிருக்கிறது. ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளத்தின் விதி இவை எல்லாவற்றையும்விடத் தெளிவானது. உங்கள் பொருளைப் பரிந்துரைக்கலாம், ஆனால் அது உங்களுடையது என்பதை அந்தப் பதிலிலேயே சொல்லியாக வேண்டும், கேட்ட கேள்விக்கு அது உண்மையில் விடையாகவும் இருக்க வேண்டும். இதைச் செய்தவன் நான் என்ற ஒற்றை வரியை எழுதிவிட்டால், படிப்பவர் அதற்கேற்பத் தள்ளுபடி செய்துகொண்டு படிக்கிறார். கூடவே, செய்தவரிடமே நேரில் கேட்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைக்கிறது.

இதைவிடச் சிக்கலானது, தான் நேரடியாக எதுவும் செய்யாமலே ஒரு நிறுவனம் குழுமங்களைச் சீரழிக்க நேர்வது. டிஜிட்டல் ஓஷன் என்ற மேகக்கணினி நிறுவனம் 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வை நடத்திவருகிறது. கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களிப்பவர்களை ஊக்குவிப்பது அதன் நோக்கம். 2020இல், அந்த மாதத்தில் நான்கு புல் ரிக்வெஸ்ட்டுகள், அதாவது நான்கு மாற்றப் பரிந்துரைகள், அனுப்பும் முதல் 70,000 பேருக்கு ஒரு டிஷர்ட், அல்லது அவர்கள் பெயரில் ஒரு மரக்கன்று. நிறுவனத்தின் பெயர் ஆயிரக்கணக்கான மார்புகளில் ஊர் சுற்றும், நிரலாளர்களிடம் நல்லெண்ணம் வளரும். நல்ல திட்டம்தான், நோக்கத்திலும் குறை சொல்ல முடியாது.

அக்டோபர் 1 அன்று வெள்ளம் வந்தது. இந்தியாவில் பெரும் பார்வையாளர் கூட்டம் உள்ள ஒரு கற்பித்தல் காணொளி, விளக்கக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்து எப்படிப் பரிந்துரை அனுப்புவது என்று செய்துகாட்டியிருந்தது. அதைப் பார்த்த மாணவர்கள் பலர் அதையே அச்சு அசலாகச் செய்தார்கள். அற்புதமான திட்டம் என்ற வாசகம் எங்கெங்கோ உள்ள திட்டங்களின் விளக்கக் கோப்புகளில் முளைத்தது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, செல்லாது என்று குறியிட்டு மூட வேண்டியவர் அந்தத் திட்டத்தைச் சம்பளமில்லாமல் பராமரிப்பவர். ஒரு டிஷர்ட்டின் விலையை அந்த நிறுவனம் கொடுத்தது, அதன் பளுவை அவர்கள் சுமந்தார்கள். நிறுவனம் பணம் போட்டு நடத்தும் தாக்குதல் என்றே பராமரிப்பாளர் ஒருவர் எழுதினார். எதிர்ப்பு வலுக்கவே, இரண்டே நாளில் விதி மாறியது. நிகழ்வில் பங்குபெற விரும்பித் தாமே முன்வந்து குறியிட்ட திட்டங்களுக்கு அனுப்பும் பரிந்துரைகள் மட்டுமே இனிச் சேரும் என்று அக்டோபர் 3இல் அறிவித்தார்கள். அழைக்காத வீட்டுக்குப் போகக் கூடாது என்ற, யூஸ்நெட் காலத்திலேயே தெரிந்திருந்த விதிக்கு இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் வந்து சேர்ந்தார்கள்.

அந்த மாணவர்களைக் குறைசொல்லும் பேச்சு அப்போது நிறைய எழுந்தது. அதில் இந்தியர்கள்மீதான இளக்காரமும் கலந்திருந்தது. என்னால் அதில் சேர முடியவில்லை. முதல் தலைமுறையாகக் கணினியைத் தொட்ட ஒரு மாணவருக்கு, எங்கோ ஒரு திட்டத்தின் பின்னால் களைத்துப்போன ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பொத்தானை எப்படி அழுத்துவது என்பதை மட்டும் சொல்லித் தந்தார்கள். எண்ணிக்கைக்குப் பரிசு என்று வைத்துவிட்டால் எண்ணிக்கைதான் வந்து சேரும். பரிந்துரைத்தால் பணம், பகிர்ந்தால் கூடுதல் இடம், ஐந்து நண்பர்களுக்கு அனுப்பினால் ஒரு மாதம் இலவசம் என்று தன் பயனர்களையே விளம்பரதாரர்களாக மாற்றும் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது.

இப்போது மொழி மாதிரிகள் வந்திருக்கின்றன. பத்தில் ஒன்பது கருத்துகளை எழுதக் கொஞ்சமாவது உழைக்க வேண்டியிருந்த நிலை போய்விட்டது. ஒரு குழுமத்தின் நடையில், அதன் கிண்டல்களோடு, ஆண்டுக்கணக்கில் உறுப்பினராக இருந்தவரைப்போல எழுதுவது சில நொடி வேலை. கவனத்துக்கு ஈடாக நேரத்தைக் கொடுப்பது என்று நான் மேலே சொன்ன கணக்கையே இது தடுமாற வைக்கிறது, ஏனென்றால் கொடுத்ததுபோல் நடிக்க முடிகிறது. குழுமங்கள் இதற்கு எதிர்வினையாகப் புதிய கணக்குகளுக்குக் கதவைச் சாத்துகின்றன. இத்தனை நாள் ஆகாதவர் சுட்டி போட முடியாது, இத்தனை மதிப்பெண் இல்லாதவர் எழுதவே முடியாது. பெரிய நிறுவனத்துக்கு இதனால் நட்டமில்லை, அது காசு கொடுத்து விளம்பரம் போட்டுக்கொள்ளும். விளம்பரத்துக்குப் பணமில்லாத தனி நிரலாளருக்குத்தான் கதவு அடைபடுகிறது. ஒவ்வொரு ஸ்பேமும் உண்மையில் பறிப்பது இவருடைய இடத்தை என்பதால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம்.

வழி இல்லாமலில்லை. இயந்திரங்களை எப்படி உள்ளே விடுவது என்பதில் விக்கிப்பீடியாவுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. தமிழில் சந்திப்பிழை திருத்தும் நாவியையும் எழுத்துப்பிழை திருத்தும் வாணியையும் உருவாக்கிய நீச்சல்காரன், தமிழ் விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர். அங்கே நீச்சல்பாட் என்ற தானியங்கியையும் இயக்கிவருகிறார். விக்கிப்பீடியாக்களில் தானியங்கி ஓட்ட விரும்புபவர் பின்பற்ற வேண்டிய முறை பொதுவானது. இது தானியங்கி என்று தெரியும் பெயரில் தனிக் கணக்குத் தொடங்க வேண்டும். யார் இயக்குகிறார், அது என்ன செய்யும் என்பதைப் பொதுப் பக்கத்தில் எழுதி அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் சில திருத்தங்களைச் சோதனையாகச் செய்துகாட்ட வேண்டும். மற்றவர்கள் ஆட்சேபம் சொல்வார்கள், ஐயம் கேட்பார்கள், இயக்குபவர் பதில் சொல்வார். அதன் பிறகே அணுக்கம் கிடைக்கும். கிடைத்த பின்னும் அது தவறு செய்தால் நிர்வாகி ஒருவர் உடனே நிறுத்திவிடலாம். இணையக் குழுமங்களில் மென்பொருள் நிறுவனங்களின் தானியங்கிக் கணக்குகளுக்கு இதே நடைமுறையைக் கொண்டுவருவதில் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. நிறுவனங்களின் பெயரில் சரிபார்க்கப்பட்ட கணக்கு, தானியங்கி என்ற வெளிப்படையான குறி, குழுமத்தின் முன்னனுமதி, மட்டுறுத்துநர் கையில் நிறுத்தும் உரிமை ஆகிய நான்கையும் தளங்கள் இன்றே செய்து தரலாம். இப்போது அந்தச் சுமை முழுவதும் ஊதியமில்லாமல் இரவில் விழித்திருந்து பதிவுகளை நீக்கிக்கொண்டிருக்கும் மட்டுறுத்துநர்களின் தலையில் இருக்கிறது.